மெகசினைக் கழற்றிய பிறகும் ஒன்று

பாப்பா,

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த போலீஸ்காரர் மறுபடி நம் வீட்டுக்கு வருவார். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று, எழுதி முடித்த கையோடு ஹட்டனுக்குப் போய் கூரியரில் போடப் போகிறேன். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபப்படுவாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ “சாப்பிட்டீங்களாப்பா?” என்பாய், நான் “சாப்பிட்டேன் ஆயி” என்பேன், அதோடு முடிந்துவிடும். நீ பிறந்த நாளிலிருந்து இந்த விஷயம் அப்படித்தான் முடிந்துகொண்டிருக்கிறது. இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. இரண்டு பிரதி எடுக்கப் போகிறேன். ஒன்று நல்லதண்ணியில் இருக்கும் உன் செல்வராசு மாமாவுக்கு. இன்னொன்று அந்த போலீஸ்காரருக்கு. உனக்கு மட்டும் எழுதினால், அப்பனைக் காப்பாற்றுகிறேன் என்று நீ இதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீ பிஸ்டல் லைசென்சுக்குப் போட்டிருக்கிறாயே, அதற்கான விசாரணைக்குத்தான் அவர் வந்தார். நல்ல மனிதர். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். உங்கம்மா கொடுத்த பிளேன்டீயை வாங்கிக் குடித்தார். சிங்களத்தில்தான் பேசினோம். மகள் கொழும்பில் மருந்துக் கடையில் வேலை, பல்கலைக்கழக நாளிலிருந்து குறி பார்த்துச் சுடும் விளையாட்டு, துவக்கு கிளப்பிலேயே பூட்டியிருக்கும், வீட்டுக்கு வராது. எல்லாவற்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், இந்த வீட்டு ஆட்கள் யாராவது இதற்கு முன் துவக்கு வெடித்த சம்பவத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. “இல்லை” என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோய்விட்டார். தேயிலைத் தோட்டத்துக் கிழவன், இவனுக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். “மாத்தியா, கண்ணாடியைக் காணோம், வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பேன்” என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று எழுந்துவிட்டார்.

அவர் படி இறங்கியதும் உங்கம்மா பிடித்துக்கொண்டாள். “கண்ணாடி பையிலதானங்க இருக்கு? என்னாத்துக்கு அந்தப் பொய்யி? புள்ள லைசென்சுல மண்ணள்ளிப் போடப் போறீங்களா?”

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். என் மடியில் இருக்கிறது, பாப்பா. இந்த வீட்டில் ஒருவன் துவக்கால் ஒரு மனிதனைச் சுட்டிருக்கிறான். அது நான். சுடப்பட்டது செல்வராசு. அந்த இடது கால் மடங்காமல் போனது பஸ் விபத்தில் இல்லை. உனக்கு அப்படிச் சொல்லி வளர்த்தது நானும் உங்கம்மாவும்தான். வெள்ளிக்கிழமை நான் “இல்லை” என்று கையெழுத்து வைத்தால் உனக்கு லைசென்ஸ் வரும். “ஆம்” என்று எழுதினால் வராமலே போகலாம். எட்டு வருஷம் கிளப்புத் துவக்கை இரவல் வாங்கிச் சுட்டவள் நீ. உன் கைக்கென்று ஒன்று வேண்டும் என்று எவ்வளவு ஏங்கினாய் என்று எனக்குத் தெரியும்.

நீ எனக்கு இரண்டு படம் அனுப்பி “எது வாங்கட்டும்ப்பா?” என்று கேட்டிருந்தாய். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பித் தப்பித்துக்கொண்டேன். அதற்கும் இப்போதுதான் பதில் சொல்கிறேன். லைசென்ஸ் என்ன ஆனாலும் ஆகட்டும், இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள் நீ ஒரு துவக்கை வாங்கத்தான் போகிறாய். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உங்கம்மாவிடம் கேள். அதனால் கேட்டுக்கொள். இரண்டாவது படத்தில் இருக்கிற ஒன்பது மில்லித் துவக்கு கறுப்பாக, எண்ணெய் பூசிய மாதிரி, பார்த்ததும் கை போகிற அழகில் இருக்கிறது. அது வேண்டாம். காகிதத்தில் ஓட்டை போட எதற்கு அவ்வளவு பெரிய தோட்டா? பேன் எடுக்கத் தேயிலைச்செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியா? அது கையை உதைக்கும். உதைக்கப் போகிறது என்று தெரிந்ததும் விசையை இழுக்கிற அந்தக் கணத்தில் கை முன்கூட்டியே பதறும். அந்தப் பதற்றம் ஒருமுறை கைக்குள் புகுந்துவிட்டால் வெளியே எடுப்பது லேசில்லை என்று உங்கள் பயிற்சி மிஸ் எனக்கு விளக்கிச் சொன்னார். முதல் துவக்கு சின்னத் தோட்டா போடுகிற பாயிண்ட் டூ டூவாகவே இருக்கட்டும். சத்தம் குறைவு, உதை குறைவு, தோட்டா விலையும் குறைவு. ஒரு நாளில் நூறு முறை சுட்டாலும் கை பயப்படாது.

அந்த மிஸ்ஸிடம் நான் அத்தனை கேள்வி கேட்டது உனக்கு ஆச்சரியமாக இருந்தது. போன மாதம் நீ என்னைக் கிளப்புக்குக் கூட்டிப் போனபோது, முதல் வெடிச் சத்தத்திலேயே நான் எழுந்து வெளியே போய்விட்டேன். “அப்பாவுக்குக் காது கூசுது மிஸ்” என்று நீ சிரித்தாய். காது கூசவில்லை. வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் பின்னாலேயே வந்து தண்ணீர் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. துவக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதற்கு ஏமாறக் கூடாது என்று. பயத்துக்கு மருந்து அதைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் என்று நினைத்தாரோ என்னவோ. நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

முதல் படத்தில் இருக்கிற மரப்பிடி போட்ட பாயிண்ட் டூ டூ, உங்கள் கிளப் மூத்த அங்கத்தவர் ஒருவர் வைத்திருந்தது என்கிறாயே, அதைப் போய்க் கையில் பிடித்துப் பார். உன் கை உங்கம்மாவின் கை. குட்டை விரல், அகலமான உள்ளங்கை. துவக்கு உன் முன்கையோடு ஒரே கோட்டில் நிற்கும்படி பிடி. அப்படிப் பிடித்தபடியே சுட்டுவிரலின் முதல் அங்கத்து நடுச்சதை விசையில் படுகிறதா பார். நுனி மட்டும் எட்டினால் ஒரு பக்கம் தள்ளுவாய், மடிப்பு வரைக்கும் போனால் மறுபக்கம் இழுப்பாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கு. கண்ணைத் திறக்கும்போது குழாய் நுனியில் இருக்கிற முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் தானாகவே உட்கார்ந்திருந்தால் அது உன் கைக்கான துவக்கு. கொஞ்சம் விலகியிருந்தால் பரவாயில்லை, மரப்பிடியை ராவிச் சரி செய்யலாம். நிறைய விலகியிருந்தால் எவன் எவ்வளவு புகழ்ந்தாலும் கீழே வைத்துவிட்டு வா. பழசு என்றால் குழாயின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்க்கச் சொல். தோட்டா அடுக்குகிற மெகசினின் வாய் நெளிந்திருக்கிறதா என்று பார். சொந்தக்காரர் முகத்தைப் பார்த்துக் கூசிக்கொண்டு நிற்காதே. கூச்சத்தால் வாயை மூடிக்கொண்டு நிற்பதில் உன் அப்பன் ஏற்கனவே பட்டம் வாங்கிவிட்டான்.

சரி, சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடத் தள்ளிப்போட எழுத்துத்தான் நீளுகிறது.

நான் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போவதற்கு முன் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். சமையல் அப்புவுக்குக் கீழே நான் இரண்டாவது ஆள். செல்வராசு பங்களாவின் பூந்தோட்டக்காரன். நானும் அவனும் ஒரே லயத்து வரிசை வீடு, ஒரே வயசு, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். வடக்கே சண்டை நடந்த காலம் அது. தோட்டத்தை நடத்திய தொரை பயத்தில் ஒரு பிஸ்டல் வாங்கி வைத்திருந்தார். அதற்கு முன் பங்களாவில் இருந்தது காட்டுப்பன்றி சுடுகிற இரட்டைக்குழல் துவக்கு ஒன்றுதான். அதை நடுவில் மடக்கினால் போதும், தோட்டா இருக்கிறதா இல்லையா என்று இரண்டு ஓட்டையும் பளிச்சென்று காட்டிவிடும். எனக்குத் தெரிந்த துவக்கு அவ்வளவுதான்.

எங்கள் பங்களாவில் சனிக்கிழமை என்றால் பித்தளை நாள். தொரை ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற காலைப் பெரட்டுக்குப் போனதும், கதவுக் குமிழ், குத்துவிளக்கு, வெள்ளிக் கரண்டி என்று பளபளக்க வேண்டிய சாமான் எல்லாம் ஒரு தட்டத்தில் வந்து குவியும். தொரை அந்தப் பிஸ்டலையும் அதே தட்டத்தில் கரண்டிகளோடு வைத்துவிட்டுப் போவார். மெகசினைக் கழற்றித் தன் மேசை லாச்சியில் பூட்டிவிடுவார். மெகசின் இல்லாத துவக்கு எங்களுக்குக் கரண்டி மாதிரித்தான். துடைத்து வைக்க வேண்டிய இன்னொரு சாமான். மெகசினைக் கழற்றினாலும் உள்ளே ஏற்கனவே ஏறியிருக்கிற ஒன்று அங்கேயே இருக்கும், மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தொரைக்கே அது தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

ஒன்பது மணி இருக்கும். செல்வராசு வழக்கம் போல டீ குடிக்க வந்தான். பின்வாசலில் நின்றபடி கண்ணாடி கிளாசை வாங்கிக்கொண்டான். உங்கம்மாவிடம் நான் சொன்னது, விசைக்குப் பின்னால் துணியை விட்டுத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று. அவள் இன்றைக்கும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அது பொய். இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். நடந்தது இதுதான். அப்போது ஹட்டனுக்குப் போனால் வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கி, கையைத் தூக்கச் சொல்லி, அடையாள அட்டை கேட்பார்கள். முந்தின நாள்தான் எங்கள் இருவரையும் ஒரு மணி நேரம் மழையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் அந்தப் பிஸ்டலைத் தூக்கி அவன் காலுக்கு நேரே நீட்டி, அதே அதட்டலில், “கையத் தூக்குடா! எங்கடா ஐடென்டி?” என்றேன். அவன் கிளாசோடு இரண்டு கையையும் தூக்கி, “ஐயோ சேர், சட்டைய மாத்திப் போட்டுட்டேன் சேர், ஐடென்டி அவன் பையில இருக்கு சேர்” என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே விசையை இழுத்தேன்.

கிளாஸ் உடைந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. வெடிச் சத்தம் பிறகுதான் கேட்ட மாதிரி ஞாபகம். அவன் கீழே உட்கார்ந்திருந்தான். டீயும் இரத்தமும் சிமெந்துத் தரையில் ஒன்றாக ஓடின. நான் கத்தவுமில்லை, ஓடவுமில்லை, பித்துப் பிடித்தவன் மாதிரி நின்றேன். அவன்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். “டேய் மாப்புள, அதக் கீழ வையி. ஒம் பொண்டாட்டி மாசமா இருக்கா. ஒன்னயக் கூட்டிட்டுப் போனா திரும்பி விட மாட்டானுங்க. நாந்தான் தொட்டேன்னு சொல்லிருவோம். எனக்கென்னா, நான் ஒத்தக் கட்ட.” அந்த மாசமாக இருந்த வயிற்றில் நீ இருந்தாய்.

அதோடு நின்றிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். தோட்டா ஏறிய துவக்கைக் கரண்டியோடு வைத்துவிட்டுப் போனது தெரிந்தால் தொரையின் லைசென்ஸ் போய்விடும். அதனால் கதை மாறியது. தோட்டக்காரன் திருட்டுத்தனமாக அறைக்குள் நுழைந்தான், துவக்கை எடுத்தான், அது வெடித்தது என்று போலீசில் வாக்குமூலம் எழுதினார்கள். சிங்களத்தில் எழுதியிருந்தது. அப்போது எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் வாசித்துக் காட்டினார்கள், புரிந்தது. எல்லாம் புரிந்துதான் சாட்சி என்று கையெழுத்து வைத்தேன். தமிழன் ஒருவன் அந்தக் காலத்தில் துவக்கைத் திருட வந்தான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அவனைக் கொண்டுபோனார்கள். யார் அனுப்பினார்கள், யாரிடம் பயிற்சி எடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு ஒன்பது மாதம் வைத்திருந்தார்கள். வழக்கு ஒன்றும் இல்லை என்று விட்டபோது கால் மடங்காமல் போயிருந்தது. தோட்டத்தில் வேலையும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. அந்த ஒன்பது மாதத்தில் நான் ஒரு தடவைகூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. பயம், பாப்பா. போனால் என்னையும் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். அவன் என் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவானோ என்கிற பயம் அதைவிடப் பெரிது.

உனக்கு ஆறு வயதில் சிவனொளிபாதமலைக்குப் போனோமே, அன்றைக்குத்தான் அவனை மறுபடி பார்த்தேன். மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரை சீசன் கடைகளுக்கு நடுவே பலகையில் பலூன் குத்தி வைத்து, காற்றுத் துவக்கால் சுட விடுகிற கடை. கடைக்காரன் ஒரு காலை விறைப்பாக நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். உங்கம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினேன். நீதான் என் தோளிலிருந்து இறங்கி ஓடிவிட்டாய், பலூன் வேண்டும் என்று. அவன் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இதுவா அந்தப் புள்ள?” என்றான். அவ்வளவுதான். உன்னை மடியில் தூக்கி வைத்து, துவக்கை உன் கையில் கொடுப்பதற்கு முன், “மொதல்ல தொறந்து பாரு பாப்பா. உள்ள ஒண்ணு இருக்கா இல்லையான்னு ஒங்கண்ணால பாக்கணும். யாரு சொன்னாலும் நம்பக் கூடாது. மாமா சொன்னாலும் நம்பக் கூடாது” என்றான். நீ திறந்து பார்த்தாய். பிறகு மூன்று பலூனை உடைத்தாய். ஒவ்வொரு வருஷமும் போனோம், ஒவ்வொரு வருஷமும் அதே பாடம். நான் நாலடி தள்ளி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிளப்பில் முதல் நாளே, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீ மெகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்த்தாயாம். “இந்தப் பழக்கம் உங்க மகளுக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று மிஸ் என்னிடம் கேட்டார். நான் தெரியாது என்றேன். பார்த்தாயா, அங்கேயும் ஒரு பொய்.

தோட்டாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மனம் வராது. நான் இருபது வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றவன். ஒரே தோட்டம், ஒரே பெயர், ஒரே சாக்கு. ஆனால் திங்கட்கிழமை இலை வேறு, வியாழக்கிழமை இலை வேறு. அதனால்தான் ஒவ்வொரு தொகைக்கும் ஓர் இலக்கம் போடுவோம். தோட்டாப் பெட்டியிலும் அப்படி ஓர் இலக்கம் அச்சடித்திருக்கும். ஒரே கம்பனி, ஒரே பெட்டி என்று நம்பி மொத்தமாக வாங்கி வைக்காதே. நாலைந்து விதத்தில் ஒவ்வொரு சிறு பெட்டி வாங்கு. மணல் மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து சுட்டுப் பார். அதிவேகம் என்று விளம்பரம் போட்டது உனக்கு வேண்டாம், சாதாரண வேகமே காகிதத்துக்குப் போதும். ஆனால் மிகவும் மந்தமானது என்றால் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாமல் வெற்றுக்கூடு நடுவழியில் சிக்கிக்கொள்ளும். எது சிக்காமல் ஓடி, ஐந்து ஓட்டையையும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் போடுகிறதோ, அதை அதே இலக்கத்தில் கொஞ்சம் சேர்த்து வாங்கி வை. உன் துவக்குக்குப் பிடித்ததுதான் நல்ல தோட்டா. விலை கூடியதெல்லாம் நல்லது என்று நினைக்காதே. இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே, குறிப்பலகையை நோக்கிப் பிடித்தபடியே முப்பது வரைக்கும் எண்ணு. தோட்டாவைத் துவக்கோடு சேர்த்துப் பூட்டாதே. இரண்டையும் இந்த மலைக்குக் கொண்டுவராதே. இங்கே மூடுபனிக்கு டப்பாவுக்குள் இருக்கிற உப்பே ஊறிப்போகிறது. அதோடு, இந்த வீட்டில் அது இருந்தால் நான் தூங்க மாட்டேன்.

நேற்று நல்லதண்ணிக்குப் போனேன். மஸ்கெலியாவில் பஸ் மாறி, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். செல்வராசு பலகையில் பலூன் கட்டிக்கொண்டிருந்தான். போலீஸ்காரர் கேட்டதைச் சொன்னேன். “ஆம்” என்று எழுதப் போகிறேன் என்றேன். அவனுக்கு வந்ததே கோபம்! “ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? இத்தன வருசம் பொத்தி வச்சிட்டு, புள்ள வாய்க்குச் சோறு வர்ற நேரத்துல தட்டத் தட்டிவிடுறியா? இல்லன்னு எழுதிட்டுப் போ. எனக்கு ஒண்ணும் வேணாம்” என்று கத்தினான். பக்கத்துக் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான், “அந்தப் புள்ளயச் சாக்கு வச்சி ஒரு தடவ பொய்யில கையெழுத்துப் போட்டாச்சு. அதே புள்ளயச் சாக்கு வச்சி இன்னொருக்காவும் போடணுமாடா?” என்றேன். அவன் கையில் இருந்த பலூனைக் கட்டவும் இல்லை, விடவும் இல்லை. காற்று மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருந்தது.

என் முகத்தைப் பார்க்காமல், “ஒரு வாட்டியாச்சும் வந்து பாப்பேன்னு நெனச்சேன்டா” என்றான். “பெயில் எடுக்க வேணாம், வக்கீல் வைக்க வேணாம். சும்மா வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னிருந்தாப் போதும்.” அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான், கேள்வி மாதிரிகூட அவன் கேட்கவில்லை. நான் அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், அவன் நீட்டிய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான், “எந்திரிடா, சனம் பாக்குது, ஏவாரம் கெட்டுப் போவுது” என்று. கிளம்பும்போதுதான் கூப்பிட்டான். “எழுதுறதுதான்னா ஒண்ணு சேத்து எழுது. அந்தப் பேப்பர்ல என்னயத் திருடன்னு எழுதியிருக்கான். நான் திருட வரலன்னு எழுது.”

அதனால் நான் உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை, பாப்பா. கேட்டால் நீ என்ன சொன்னாலும் அந்தப் பாரம் உன் தலையில் ஏறும். ஒரு பாரத்தை ஏற்கனவே உன் பெயரைச் சொல்லித்தான் இன்னொருவன் தலையில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை நான் “ஆம்” என்றுதான் எழுதுவேன். பழைய வாக்குமூலம் பொய் என்றும் எழுதிக் கொடுப்பேன். அதற்காக என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. உனக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா என்றும் தெரியாது. கிடைக்காவிட்டால் என்னைத் திட்டு, ஒரு மாதம் பேசாதே, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் இரவல் துவக்கோ சொந்தத் துவக்கோ, கையில் எடுத்ததும் ஸ்லைடை இழுத்துப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இனிமேல் சொல்லலாம். செல்வராசு மாமாவிடமிருந்து வந்தது.

இந்தக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துப் போலீஸ்காரருக்குக் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தைத் தனித் தாளில் எழுதிவிட்டேன். நாலு தடவை கிழித்து ஐந்தாவது தடவை எழுதினேன். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது, என் விளையாட்டும் இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக இதைத்தான் போட்டிருக்கிறேன்: செல்வராசு அன்றைக்குத் துவக்கைத் தொடவில்லை, திருட வரவில்லை. டீ குடிக்க வந்தான். அதையும் குடிக்கவில்லை.

உன் அப்பா